காயும் நெல்லுக்கு இலைவழித் தெளிப்பு: எதுவரை கைகொடுக்கும்?

வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கும் ஊர்களில், நவம்பரில் மழை இரண்டு வாரம் விட்டுப்போனால் உரக்கடையில் முதலில் எழும் கேள்வி, "என்ன அடிக்கலாம்?" என்பதுதான். பதிலுக்குக் குறைவில்லை. பொட்டாஷ் கரைசல், டி.ஏ.பி. தெளிநீர், கயோலின் களிமண், கடற்பாசிச் சாறு, பஞ்சகவ்யா, அமினோ அமிலம், ஹார்மோன் மருந்துகள், இளஞ்சிவப்பு பாக்டீரியா என்று வரிசை நீள்கிறது. ஒவ்வொன்றின் மேலும் "வறட்சியைத் தாங்கும்" என்ற வாசகம் இருக்கிறது. அந்த வாசகம் எவ்வளவு உண்மை?

இதைப் பார்க்க ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் மானாவாரி நெல் பொருத்தமான களம். ராமநாதபுரத்தில் மட்டும் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் சாகுபடியாகிறது. பெரும்பகுதி நாற்று விட்டு நடுவதில்லை. செப்டம்பரில் உழுது, காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டியாக வேண்டும். கண்மாயில் தண்ணீர் சேர்ந்தால் கடைசி ஒன்றிரண்டு பாய்ச்சலுக்கு உதவும். சேராவிட்டால் பயிர் வானத்தை மட்டுமே பார்த்து நிற்கும்.

வறட்சி எங்கே அடிக்கிறது

வறட்சி என்று ஒரே சொல்லால் சொன்னாலும், பயிரின் எந்த வயதில் அது வருகிறது என்பதைப் பொறுத்து இழப்பு மாறும். தூர்கட்டும் பருவத்தில் பத்து நாள் காய்ந்தால் தூர் குறையும், பயிர் குட்டையாகும். பிறகு மழை வந்தால் நெல் ஓரளவு தேறிவிடும். பஞ்சு கட்டியதிலிருந்து பூக்கும்வரையுள்ள காலம் அப்படிப்பட்டதன்று. கதிர் வெளிவருவதற்குச் சுமார் பத்துப் பதினைந்து நாளுக்கு முன்பு மகரந்தம் உருவாகும். அப்போது நீர் போதாவிட்டால் மகரந்தம் மலடாகிறது. பூக்கும் நேரத்தில் போதாவிட்டால் கதிர்த்தண்டு நீள முடியாமல் கதிரின் அடிப்பகுதி இலையுறைக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. வெளியே வந்த பூக்களும் பதராகின்றன. விவசாயி "சாவியாகிவிட்டது" என்று சொல்லும் வயல்களில் பெரும்பாலானவை இந்த நாட்களில்தான் காய்ந்திருக்கும். இப்படி நேர்ந்த இழப்பைப் பின்னால் பெய்யும் மழை மீட்டுத் தராது.

நெல்லுக்கும் சில தற்காப்புகள் உண்டு. நீர் குறைந்ததும் வேரிலிருந்து அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் இலைக்குச் சென்று இலைத்துளைகளை மூடச் செய்கிறது. இலையின் மேற்புறத்தில் உள்ள பெரிய செல்கள் நீரிழந்து தொய்வதால் இலை குழல்போலச் சுருள்கிறது. செல்களுக்குள் சர்க்கரையும் புரோலினும் சேர்ந்து இருக்கும் நீரைப் பிடித்து வைக்கின்றன. ஆனால் இலைத்துளை மூடினால் கரியமில வாயுவும் உள்ளே வராது. உணவு தயாரிப்பு குறையும். பயன்படாத ஒளியாற்றல் செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கும். தெளிப்பு மருந்துகள் அனைத்தும் இந்தச் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணியைப் பிடித்து இழுக்கப் பார்ப்பவைதான்.

இலை எவ்வளவு குடிக்கும்

முதலில் ஒரு கணக்கு. ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால் நிலத்தின் பரப்பில் அது 0.05 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். வெயில் நாளில் நெல் வயல் இழக்கும் நீர் சுமார் 5 மில்லிமீட்டர், அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 20,000 லிட்டர். ஆகவே தெளிப்பில் உள்ள தண்ணீர் ஒரு நாள் தேவையில் நூறில் ஒரு பங்குதான். தெளித்த மாலையில் பயிர் பசுமையாகத் தெரிவதை மருந்தின் பலன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பலன் இருந்தால் அது கரைந்துள்ள பொருளால் மட்டுமே வர வேண்டும்.

அந்தப் பொருள் உள்ளே போவதும் எளிதன்று. நெல் இலை மெழுகும் சிலிக்காவும் பூசிய பரப்பு. நீர்த்துளி அதன் மேல் முத்தாக உருண்டு கீழே விழும். அதனால்தான் ஒட்டும் திரவம் சேர்க்கச் சொல்கிறார்கள். அது துளியைப் பரப்பி இலையோடு ஒட்டவைக்கும். ஒட்டிய பிறகு மெழுகுப் படலத்தின் நுண்ணிய வழிகளிலும், ஓரளவு இலைத்துளை வழியாகவும் பொருள் உட்புகும். யூரியா மின்னேற்றம் இல்லாத சிறு மூலக்கூறு என்பதால் சில மணி நேரத்திலேயே நன்றாகப் புகுந்துவிடும். பொட்டாசியம் அதைவிட மெதுவாகவும், பாஸ்பேட் இன்னும் மெதுவாகவும் புகும். துளி காய்ந்து உப்பாகிவிட்டால் உட்புகுதல் ஏறக்குறைய நின்றுபோகும். காற்றில் ஈரம் இருக்கும் மாலை நேரம் இதனால்தான் ஏற்றது. சுருண்ட இலை மருந்தை வாங்கும் பரப்பையே மறைத்துக்கொள்கிறது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். எந்த நேரத்தில் பயிருக்கு உதவி மிக அவசியமோ, அந்த நேரத்தில் இலை அதைப் பெறும் நிலையில் இருப்பதில்லை.

பொட்டாஷும் டி.ஏ.பி.யும்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மானாவாரி நெல் பரிந்துரையில் பழையதும் எளியதும் 1 சதப் பொட்டாசியம் குளோரைடு கரைசல். லிட்டருக்கு 10 கிராம், ஏக்கருக்கு 2 கிலோ. இலைத்துளையின் காவல் செல்களுக்குள் பொட்டாசியம் நுழையும்போது துளை திறக்கிறது, வெளியேறும்போது மூடுகிறது. பொட்டாசியம் பற்றாக்குறையான பயிரில் இந்தக் கதவு மந்தமாகவே வேலை செய்யும். செல் நீரைப் பிடித்துவைப்பதிலும், இலையில் உருவான மாவுச்சத்து சர்க்கரையாகிக் கதிருக்குப் பயணிப்பதிலும் அதற்குப் பங்குண்டு. மண் காய்ந்தால் வேருக்குப் பொட்டாசியம் வந்துசேர்வது தடைப்படும். அந்த இடைவெளியில் இலை வழியாகக் கொடுப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

அளவைப் பார்த்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளத் தோன்றும். ஒரு டன் நெல் விளைய பயிர் எடுத்துக்கொள்ளும் பொட்டாசியம் ஏறத்தாழ 15 கிலோ. 2 கிலோ பொட்டாஷில் இருப்பது சுமார் 1 கிலோ. அதிலும் ஒரு பகுதிதான் இலைக்குள் போகும். அடியுரமாகப் பொட்டாஷ் போடாத வயலில் தெளிப்பு கூடுதல் பலன் காட்டலாம். நல்ல பொட்டாஷ் வளம் உள்ள களிமண்ணில் வித்தியாசம் தெரியாமலும் போகலாம். பொட்டாஷ் தெளிப்பு மண்ணில் போட வேண்டிய உரத்துக்கு மாற்றாகாது.

டி.ஏ.பி. தெளிப்பின் நிலை வேறு. 2 சத டி.ஏ.பி.யும் 1 சத யூரியாவும் 1 சதப் பொட்டாஷும் கலந்து, பஞ்சு கட்டும் பருவத்தில் ஒரு முறையும் பத்து நாள் கழித்து மறுமுறையும் தெளிப்பது பரவலான பரிந்துரை. மானாவாரிக்கு அதைச் சொல்லும்போது, மண்ணில் போதிய ஈரம் இருந்தால் மட்டும் என்ற நிபந்தனையும் சேர்த்தே சொல்லப்படுகிறது. கடைவரைக்கும் வரும்போது இந்த நிபந்தனை கழன்றுவிடுகிறது. தழைச்சத்து இலையை வளர்க்கும். இலைப் பரப்பு கூடினால் நீர்ச் செலவும் கூடும். நீர் வாடிய நெல்லைக் குலைநோய் எளிதில் பிடிக்கும், தழைச்சத்து மிகுந்தால் இன்னும் எளிதில் பிடிக்கும். உச்சி வெயிலில் உப்புச் செறிவு இலைநுனியைக் கருக்கவும் செய்யும். டி.ஏ.பி. கலவை மகசூலைக் கூட்டும் தெளிப்பு. காய்ந்துகொண்டிருக்கும் பயிருக்கு அதை முதல் மருந்தாகக் கொள்வது தவறு.

நீராவியைத் தடுப்பவை

நீராவிப்போக்கைக் குறைக்கும் மருந்துகள் மூன்று வகை. இலைமேல் படலம் போர்த்துபவை, இலைத்துளையை மூடுபவை, வெயிலைத் திருப்பி அனுப்புபவை. முதல் வகை நெல்லுக்குச் செலவு மிக்கது. இரண்டாம் வகையில் ஒரு காலத்தில் ஆய்வகங்களில் பேசப்பட்ட பினைல் மெர்குரிக் அசிடேட் பாதரசம் கலந்த நஞ்சு. உணவுப் பயிரில் அதற்கு இடமில்லை. மூன்றாவது வகைதான் 3 சதக் கயோலின், அதாவது லிட்டருக்கு 30 கிராம் வெள்ளைக் களிமண். இலை வெளுத்துத் தெரியும். வெப்பம் சற்றுக் குறையும். நீர்ச் செலவும் குறையும். ஆனால் ஒளியும் குறைகிறது. மழை பெய்தால் கழுவிப்போய்விடும். ஏக்கருக்கு 6 கிலோ மண்ணைக் கரைத்துக் கலக்கிக்கொண்டே தெளிக்கும் கூலியையும், தெளிப்பான் முனை அடைத்துக்கொள்வதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சைக்கோசெல் என்ற வளர்ச்சி ஒடுக்கி இன்னொரு வழி. அது ஜிப்ரலின் உற்பத்தியைத் தடுத்து இலை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும். தூர்கட்டும் பருவத்தில் வரும் வறட்சிக்கு இது பொருந்தலாம். கதிர் வெளித்தள்ள வேண்டிய நேரத்தில் தண்டு நீளத்தைக் குறைக்கும் மருந்தை அடிப்பது, வறட்சி செய்யும் வேலையையே நாமும் செய்வதாகும்.

ஹார்மோன்களும் காப்புப் பொருள்களும்

சாலிசிலிக் அமிலம், பிராசினோலைடு, கிளைசின் பீட்டைன் போன்றவை உணவாகச் செயல்படுவதில்லை. லட்சத்தில் பத்துப் பங்கு அளவிலும் அதற்குக் கீழும் இவை சமிக்ஞை தருகின்றன அல்லது செல்லைக் காக்கின்றன. 1979-ல் கடுகினச் செடியின் மகரந்தத்திலிருந்து பிரித்தறியப்பட்ட பிராசினோலைடு மிகச் சிறு அளவில் வேலை செய்யும் தாவர ஹார்மோன். சாலிசிலிக் அமிலம் ஆக்சிஜன் சிதைவை எதிர்க்கும் நொதிகளை முன்கூட்டியே எழுப்பிவிடுகிறது.

கிளைசின் பீட்டைனின் கதை நெல்லுக்குத் தனிப் பொருத்தம் உடையது. கோதுமையும் பார்லியும் வறட்சியில் இப்பொருளைத் தாமே உண்டாக்கிச் சேமிக்கும். நெல்லால் அது முடியாது. எனவே வெளியிலிருந்து தந்தால் பலன் இருக்குமா என்ற கேள்வி எழுந்தது. பாகிஸ்தானின் பைசலாபாத் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சூப்பர் பாஸ்மதியில் கிளைசின் பீட்டைனையும் சாலிசிலிக் அமிலத்தையும் சோதித்து முடிவுகளை வெளியிட்டார்கள். விதை நேர்த்தியைவிட இலைவழித் தெளிப்பு மேல் என்றது அந்த ஆய்வு. கவனிக்க வேண்டியது, அது தொட்டிகளில் இளம் நாற்றுகளில் நடந்த சோதனை. நாற்று பசுமையாக நிற்பதற்கும் கதிர் முற்றி அறுவடையாவதற்கும் இடையில் இரண்டு மாதத்துக்கு மேல் வயல் வாழ்க்கை இருக்கிறது.

பாக்டீரியா, கடற்பாசி, சிலிக்கான்

அண்மைக் காலத்தில் தமிழகத்தில் அதிகம் பேசப்படுவது பி.பி.எஃப்.எம். எனப்படும் மெத்தைலோபாக்டீரியம். நெல் இலை உட்பட எல்லா இலைகளிலும் இயல்பாகவே வாழும் இளஞ்சிவப்பு நிற பாக்டீரியா இது. இலைச் செல்சுவர் வளரும்போது வெளியாகும் மெத்தனாலை உண்டு வாழ்ந்து, பதிலுக்கு சைட்டோகைனின், ஆக்சின் போன்ற ஹார்மோன்களைத் தருகிறது. சைட்டோகைனின் இலை மஞ்சளாவதைத் தள்ளிப்போடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதைத் திரவமாகத் தயாரித்து, வறட்சிக் காலத்தில் 1 சதக் கரைசலாக, லிட்டருக்கு 10 மில்லி வீதம் தெளிக்கச் சொல்கிறது. உப்புச் செறிவு இல்லாததால் இலை கருகும் அபாயம் இல்லை. ஆனால் இது உயிருள்ள பொருள். வெயிலில் கடை வாசலில் கிடந்த பாட்டிலில் எத்தனை பாக்டீரியா உயிரோடிருக்கும் என்று கேட்டு வாங்க வேண்டும். பூச்சிக்கொல்லியோடோ பூஞ்சாணக் கொல்லியோடோ கலக்கக் கூடாது. ஒரு வாரம் முதல் பத்து நாள் இடைவெளி விட வேண்டும்.

கடற்பாசிச் சாற்றுக்கு ராமநாதபுரத்தோடு நேரடி உறவு உண்டு. மண்டபம், பாம்பன் கரையோரப் பெண்கள் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியிலிருந்து சாறு பிழியும் முறையைப் பவநகரில் உள்ள மத்திய உப்பு, கடல்வேதியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. அதில் பொட்டாசியமும் சிறு அளவில் வளர்ச்சி ஹார்மோன்களும் உள்ளன. பஞ்சகவ்யாவை 3 சத அளவில் தெளிப்பவர்களும் பலர். வீட்டுக்கு வீடு தயாரிப்பு மாறுவதால் ஓரிடத்துப் பலனை வைத்து மற்றோர் இடத்தில் உறுதி சொல்ல முடியாது. இத்தகைய உயிர்த்தூண்டிகளை இந்திய அரசு 2021 பிப்ரவரியில்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தது. அதுவரை இந்தச் சந்தைக்குத் தனி விதியே இல்லை.

சிலிக்கான் தெளிப்பு விற்பனையில் உள்ள விளம்பரம் பெரிது. நெல் சிலிக்கானை விரும்பி எடுக்கும் பயிர் என்பதும் அது இலையை உறுதியாக்கும் என்பதும் உண்மை. அதை உள்ளிழுக்கும் வேர் மரபணுவை ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்து ஆய்வுக்குழு 2006-ல் கண்டறிந்தது. கதவு வேரில் இருக்கிறது. ஹெக்டேருக்கு 5 டன் விளையும் பயிர் 230 முதல் 470 கிலோ வரை சிலிக்கானை எடுத்துக்கொள்ளும். சில நூறு கிராம் தெளிப்பு இந்தத் தேவையில் ஒரு பொருட்டே ஆகாது. வைக்கோலையும் உமிச்சாம்பலையும் வயலுக்குத் திருப்பித் தருவது இதைவிடப் பயன் தரும்.

ஆய்வுகளை எடைபோடும்போது

தெளிப்புப் பற்றிய ஆய்வுகள் ஏராளம். பெரும்பாலானவை பலன் உண்டு என்றே முடிகின்றன. ஆனால் படிக்கும்போது நான்கு குறைகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. முதலாவது, தொட்டிச் சோதனை. தொட்டி மண் சில நாளில் காய்ந்துவிடும். வயல் மெல்லக் காய்வதால் பயிர் தன்னைத் தயார்படுத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். இரண்டாவது, நொதிகளையும் புரோலினையும் பசுங்கணிகத்தையும் அளந்துவிட்டு மகசூலை அளக்காமல் விடுவது. மூன்றாவது, வெறும் தண்ணீர் தெளித்த பாத்தியை ஒப்பீட்டுக்கு வைக்காதது. நான்காவது, ஒரே பருவத்தோடு நிறுத்திவிடுவது. மானாவாரியில் ஓர் ஆண்டு வறட்சி மறு ஆண்டு வெள்ளம் என்றிருக்க, ஒரு பருவ முடிவைப் பரிந்துரையாக்க முடியாது. ஒரு பொருளை வாங்கும்முன் விவசாயி கேட்க வேண்டியது, எத்தனை சதம் கூடியது என்பதைவிட, எந்த மண்ணில், எந்தப் பருவத்தில், எதோடு ஒப்பிட்டுக் கூடியது என்பதே.

இந்தக் குறைகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் ஒரு பொது முடிவு நிற்கிறது. மிதமான வறட்சியில், சரியான பருவத்தில், பின்னால் மழையோ ஒரு பாய்ச்சலோ கிடைக்கும்போது தெளிப்பு உதவுகிறது. கடுமையான வறட்சியில் உதவுவதில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அப்படிப்பட்ட ஆண்டில் தெளிப்புக்குச் செலவழித்த பணம் இழப்போடு சேர்ந்த இன்னோர் இழப்புதான்.

களத்தில் செய்யும் முறை

முடிவெடுக்க இலையைப் பார்த்தாலே போதும். நண்பகலில் சுருண்டு மாலையில் விரியும் இலை மிதமான வறட்சியைக் காட்டுகிறது. தெளிப்புக்கு இதுவே நேரம். விடியற்காலையிலும் விரியாமல் இருந்தால் காலம் கடந்துவிட்டது. மாலை நான்கு மணிக்கு மேல் தெளிப்பது நல்லது. பூக்கும் பயிரில் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு மணிவரை பூ விரிந்திருக்கும் என்பதால் அப்போது தெளிக்கக் கூடாது. டி.ஏ.பி.யை முந்தின இரவே ஊறவைத்துத் தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். கடற்கரையோரக் கிணறுகளின் உப்பு நீரும் கடின நீரும் தெளிப்புக்கு ஆகாது. சுண்ணாம்பு மிகுந்த நீரில் டி.ஏ.பி.யின் பாஸ்பேட் வீழ்படிவாகிவிடும்.

டிரோன் வந்தபின் ஒரு புதிய சிக்கல். டிரோன் ஏக்கருக்குத் தெளிப்பது சுமார் 10 லிட்டர். 200 லிட்டரில் கரைத்த 2 கிலோ பொட்டாஷை அதே அளவில் 10 லிட்டரில் கரைத்தால் செறிவு 20 சதமாகும், இலை கருகிவிடும். செறிவைக் குறைத்தால் ஏக்கருக்குக் கிடைப்பது நூறு கிராம்தான். ஆகவே உப்புக் கரைசல்களுக்குக் கைத்தெளிப்பானும் விசைத்தெளிப்பானும்தான் ஏற்றவை. மிகச் சிறு அளவில் வேலை செய்யும் பொருள்களுக்கு டிரோன் பொருந்தலாம்.

தெளிப்புக்கு முந்திய வேலை

வறட்சியைச் சமாளிக்கும் வேலையில் பெரும்பங்கு தெளிப்பான் முதுகில் ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். விதையை 1 சதப் பொட்டாஷ் கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைக்கும் கடினப்படுத்தும் முறை, முளைத்தபின் வரும் முதல் வறட்சிக்குச் செலவு குறைந்த காப்பு. ரகத் தேர்வு அதைவிட முக்கியம். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009-ல் வெளியிட்ட அண்ணா 4 நூறு நாளை ஒட்டி முடிவதால் டிசம்பர் வறட்சியிலிருந்து ஓரளவு தப்பிக்கும். ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கில் உருவான சகபாகி தான் ரகம் வறட்சி ஆண்டுகளில் மற்ற ரகங்களைவிட ஹெக்டேருக்குச் சுமார் ஒரு டன் கூடுதலாகத் தந்திருக்கிறது. எந்தத் தெளிப்பாலும் தர முடியாத அளவு இது. நூற்றிப்பத்து, நொறுங்கன், குழியடிச்சான் போன்ற நாட்டு ரகங்களை வறட்சி ஆய்வாளர்கள் இன்றும் தேடிச் செல்வது இதனால்தான். களை எடுப்பதும் ஒரு நீர் சேமிப்பே. கண்மாய் வரத்துக்கால்களைத் தூர்வாரினால் பூக்கும் நேரத்தில் கிடைக்கும் ஒரு பாய்ச்சல் எல்லா மருந்துக்கும் மேலானது.

ஆகவே தெளிப்பைத் தூக்கி எறியவும் வேண்டாம், தலையில் வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். பஞ்சு கட்டியது முதல் கதிர் வரும்வரை, இலை சுருளத் தொடங்கிய முதல் நாட்களில், 1 சதப் பொட்டாஷோ பி.பி.எஃப்.எம்.மோ ஒரு முறை, தேவைப்பட்டால் பத்து நாள் கழித்து மறுமுறை: கைக்காசுக்குக் கட்டுப்படியாகும், காரணமும் உள்ள தெளிப்பு இவ்வளவுதான். அதற்கு மேல் விலை கொடுத்து வாங்கும் எந்தப் பாட்டிலுக்கும், வயலின் ஒரு மூலையில் வெறும் தண்ணீர் தெளித்த ஒரு பாத்தியை விட்டுவைத்து அறுவடையில் இரண்டையும் தனித்தனியே தூற்றி எடைபோட்டுப் பாருங்கள். அடுத்த ஆண்டு வாங்கலாமா என்பதை அந்த எடையே சொல்லிவிடும்.